கரடிக்குக் கடைசிப் பக்கம் இல்லை

ஜூலை 8, செவ்வாய்

பருப்பு இன்று சீக்கிரம் வெந்துவிட்டது. தாயாரம்மாள் அக்கா தன் கைராசி என்றாள். காஸ் அடுப்புக்கு ஏது கைராசி, அது சிலிண்டர்காரன் ராசி என்றேன். கரண்டியைக் காட்டினாள். பதினோரு வருஷமாக இந்த ஸ்கூலில் அவள் சமையலர், நான் உதவியாளர். அந்தக் கரண்டி ஒருநாளும் என்மேல் பட்டதில்லை.

சமையல்கூடத்துக்குப் பக்கத்து அறையை இந்த வருஷம் லைப்ரரி ஆக்கிவிட்டார்கள். முன்னே உடைந்த பெஞ்சும் பல்லியும் குடியிருந்த அறை. இப்போது பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக அலமாரி, தரையில் பாய், ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி காயப்போடுகிற மாதிரி புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பெருக்குவதும் பூட்டுவதும் என் வேலை. சாவி என் இடுப்பில்.

குடத்தில் தண்ணீர் வைக்க உள்ளே போனேன். அஞ்சாவது படிக்கிற கலைச்செல்வன் வாசலிலேயே மறித்தான். "கையைக் காட்டுங்க அத்தை." காட்டினேன். விரலெல்லாம் மஞ்சள். "கழுவிக்கினு வாங்க" என்றான். தினமும் இவனுக்குச் சோறு போடுகிற கை இது. கழுவிக்கொண்டுதான் போனேன். இனிமேல் அவன் பேர் கலெக்டர்.

பிள்ளைகள் எல்லோரும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூலில் சமைக்கிறவளை ஆயா என்பது ஊர் வழக்கம். நாற்பத்தாறு வயசில் எனக்கென்ன ஆயா? ஆயா என்றால் சின்ன முட்டை, அத்தை என்றால் பெரிய முட்டை என்று வந்த புதிதிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

லைப்ரரி பீரியடில் என்னதான் படிக்கிறார்கள் என்று கதவோரம் நின்று பார்த்தேன். படிக்கவே இல்லை. மூன்றாவது பிள்ளைகள் பக்கம் திருப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேல் மூலையில் ஒரு விரலை வைத்து, மெதுவாக. எச்சில் தொடக் கூடாதாம். காதை மடக்கக் கூடாதாம் - புத்தகத்தின் காதை, அதாவது பக்க மூலையை. எச்சில் இல்லாமல் பக்கம் திருப்பச் சொன்னால் நம்ம ரேஷன் கடைக்காரர் அழுதுவிடுவார் என்றேன். பிள்ளைகள் சிரித்தன. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானசுந்தரி டீச்சரும் சிரித்தார்கள். ஆனால் கண் மட்டும் என்னை வெளியே போகச் சொன்னது.

அப்புறம் காவல் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பேர் எழுதின நீள அட்டை ஒன்று. புத்தகம் எடுத்தால் அந்த இடத்தில் அட்டையைச் செருக வேண்டும். புத்தகம் ஊருக்குப் போயிருக்கிறது, அது திரும்பும் வரைக்கும் அட்டை காவல். இவ்வளவுதான் சட்டம். என் புருஷன் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற இடத்திலெல்லாம் இப்படி ஓர் அட்டை வைத்தால் தேவலை.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கரடிப் புத்தகம் என்று சண்டை போடுவார்களே, அது. கரடிக்குக் கண்ணை மறைக்கிற அளவு முடி. முடிவெட்டுகிற கடைக்குப் போகிறது. கடைக்காரர் வெட்டுகிறார், வெட்டுகிறார், முடி மலை மாதிரி குவிகிறது. கடைசியில் கடைக்காரரையே காணோம். முடிக்குள்ளேயிருந்து கத்தரி சத்தம் மட்டும் வருகிறது.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். தினமும் நோட்டில் கிறுக்குவது வேறே, அச்சு எழுத்து வேறே. இதே ஸ்கூலில் நாலாவது வரைக்கும் போனவள்தானே. நாலு பக்கத்துக்கு ஒரு பீரியட் ஆகிறது எனக்கு. கத்தரி சத்தம் வந்த இடத்தில் பெல் அடித்துவிட்டது. அந்த மனுஷன் வெளியே வந்தானா இல்லையா?

பையில் கறிவேப்பிலையோடு போட்டு எடுத்துக்கினு வந்துட்டேன். திங்கட்கிழமை வைத்துவிட்டால் போச்சு. யாரைக் கேட்க வேண்டும், சாவியே என்னிடம் இருக்கும்போது?

ஜூலை 13, ஞாயிறு

ஆடு தின்றுவிட்டது.

ஜூலை 14, திங்கள்

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை. நடந்தது இது. கட்டிலில் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று உள்ளே ஓடினேன். திரும்பி வந்தால் எங்கள் வெள்ளாடு வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசி ரெண்டு தாள் இல்லை. வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தேன். "கரடி" என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

வூட்டுக்காரர் ராஜாராம் டிராக்டரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். "உன்னைவிட அது சீக்கிரம் படிச்சி முடிச்சிட்டுது" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் பதில் சொல்லாததே அவருக்குத் திகிலாகியிருக்கும்.

புத்தகம் அரிசி டிரம்முக்குப் பின்னால். நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி ஒன்று. ஸ்கூலில் புத்தக ஆஸ்பத்திரி திறந்தார்கள். கிழிந்த புத்தகங்களுக்கு வைத்தியம். பசை காய்ச்சுகிற வேலை எனக்கு. மைதாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிண்டினேன். தாயாரம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, இன்றைக்குக் கூழா என்று கேட்டாள். உனக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊற்றட்டுமா, வாய் ஒட்டிக்கொண்டால் ஊருக்கு நல்லது என்றேன்.

பிள்ளைகள் செய்ததைப் பார்க்க வேண்டுமே. கிழிசலின் ரெண்டு ஓரத்தையும் சேர்த்து, மேலே மெல்லிய தாள் ஒட்டி, பழைய நோட்டுகளைப் பாரம் வைக்கிறார்கள். ஒட்டியதை ஒரு ராத்திரி தொடக் கூடாதாம். எங்கள் சுபாஷ்ரீதான் பெரிய டாக்டர். என் அண்ணன் பாஸ்கர் பெண், அஞ்சாவது, பக்கத்து வூடு. "அத்தே, இதுக்கு முதுகு உடைஞ்சி கீது, ஒரு வாரம் அட்மிட்" என்கிறாள், சிரிக்காமல்.

கடைசி ரெண்டு தாள் ஆட்டு வயிற்றில் போனால் என்ன வைத்தியம் என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

மூன்றாவது, நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனார்கள். கல்வெட்டு இருக்கிற பெருமாள் கோயிலுக்கு. புளிசாதத்தோடு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஆயிரம் தடவை போயிருப்பேன், கறிக்கும் துணிக்கும். சுவரில் எழுதியிருப்பதை யாராவது எனக்குப் படித்துக் காட்டியது இன்றைக்குத்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னே ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிறதற்குச் சட்டம் போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். அதுதான் குடவோலை. எல்லோரும் நிற்க முடியாது. சொந்த மனை வேண்டும், முப்பத்தைந்திலிருந்து எழுபது வயசுக்குள் இருக்க வேண்டும். வயசு எனக்குச் சரிதான் டீச்சர், மீதியைப் பேசி முடிச்சிடலாம் என்றேன். முன்னே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், அத்தை மகன் வரைக்கும் கூடாது. ஒரு கல்யாணப் பந்தி அளவு ஆளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

"அதுல பொண்ணுங்க பேரே இல்லையே டீச்சர்" என்று சுபா கேட்டாள். டீச்சர் கல்லைக் காட்டினார்கள். "அது அவங்க எழுதின கல்லு. நம்ம லைப்ரரிக்குச் சட்டம் நாமதானே எழுதப் போறோம்" என்றார்கள்.

வேனில் வரும்போதே முடிவாகிவிட்டது. லைப்ரரிக்கு ஒரு தலைவர். மாசம் ஒருவர். குடவோலைதான். சுபா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தான் தலைவரானால் கயிற்றில் தொங்குகிற புத்தகத்தை எல்லாம் எப்படி மாற்றி மாட்டுவேன் என்று ஊர் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தப் பெண் ஒன்றை இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூலை 24, வியாழன்

என் நாக்கை உப்பில் ஊறப்போட வேண்டும்.

லைப்ரரித் தலைவராக யார் நிற்கலாம் என்று சட்டம் போட்டுச் சார்ட்டு எழுதினார்கள். பத்துப் புத்தகமாவது படித்திருக்க வேண்டும். மூன்றாவதோ அதற்கு மேலோ படிக்க வேண்டும். பக்கம் மடக்கினவர் கூடாது. காவல் அட்டை வைக்காமல் எடுத்தவர், திருப்பிக் கொடுக்காதவர் கூடாது, அவர் சொந்தக்காரரும் கூடாது. கலெக்டர் சொந்தக்காரர் பட்டியலைக் கல்வெட்டு மாதிரியே வாசித்தான். அண்ணன், தங்கை, சித்தப்பா பிள்ளை, அத்தை மகன்...

நான் சுண்டல் வாளியோடு வாசலில் நின்றிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். "இன்னாடா இது, அத்தை மகன் கீறான், அத்தையைக் காணோமே. பாவம், அவளையும் சேத்துக்கங்க" என்றேன். அறையே சிரித்தது. கலெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தான். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எழுதினான்: அத்தை.

அவன் "தை"க்குக் கொம்பு போட்டு முடிக்கும்போதுதான் எனக்கு ஆடு ஞாபகம் வந்தது.

ஜூலை 25, வெள்ளி

புத்தகத்தை எண்ணினார்கள். இருநூற்றுப் பதினொன்று. மூன்றாவது தட்டில் ஓர் இடம் காலி, அட்டையும் இல்லை. கரடி.

யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பேஜார். எல்லாப் பிள்ளையும் மெதுவாகத் திரும்பிச் சிவக்குமாரைப் பார்த்தது. மூன்றாவது படிக்கிற பிள்ளை. கரடிப் புத்தகத்தை ஆறு தடவை எடுத்தவன் அவன்தான், நோட்டில் இருக்கிறது. தடவித் தடவிப் படிப்பான். "நான் எடுக்கல" என்றான். ஒரு தடவைதான் சொன்னான். அப்புறம் பாயின் நூலைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டான். டீச்சர் யார்மேலும் பழி போடக் கூடாது என்று கண்டித்தார்கள். ஆனால் புத்தகம் கிடைக்கும் வரைக்கும் சிவக்குமாரின் ஓலையைத் தனியாக வைக்கலாம் என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் அவன் முட்டை வேண்டாம் என்றான். நான் ரெண்டு வைத்தேன். ரெண்டையும் அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

இப்போ இன்னா பண்றது? சொன்னால் சுபா நிற்க முடியாது. சிவப்பில் எழுதியிருக்கிறது, எழுத வைத்தவள் நான். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை நிற்க முடியாது. திருட்டுப் பட்டம் வேறே. தாயாரம்மாள் அக்கா என் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று ரெண்டு தரம் கேட்டாள். நான் அவளை ஒரு கிண்டலும் செய்யவில்லையாம் இன்றைக்கு.

ஜூலை 26, சனி

திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் வைத்துவிடலாமா? சாவி இருக்கிறது. ஆனால் கடைசித் தாள் இல்லை. புத்தகத்தின் மேலட்டையில் என் கட்டை விரல் மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. அதைக் கலெக்டர் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

ஆட்டை விற்றுவிடலாம் என்று ராஜாராம் சொல்கிறார். ஆடு என்ன செய்யும்? அது காவல் அட்டை வைக்கிற ஜாதியா?

ஜூலை 27, ஞாயிறு

சுபா நாஷ்டாவுக்கு இட்லி மாவு வாங்க வந்தாள். நான் கொல்லையில் இருந்தேன். உழக்கு எங்கே அத்தே என்று கேட்டாள். அரிசி டிரம்மு பக்கம் பார் என்று நானே சொன்னேன். நானே!

வந்து பார்த்தால் கையில் கரடியோடு நிற்கிறாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள் - மேல் மூலையில் ஒரு விரல் வைத்து, மெதுவாக. பல் பட்டுக் கிழிந்த ஓரத்தைத் தடவினாள்.

"ஆடா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"காவல் அட்டை வெச்சீங்களா அத்தே?"

எனக்கு ஏது அட்டை என்றேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். அவளுக்குத் திட்டத் தெரியும், என் அண்ணன் பெண் ஆயிற்றே.

ஜூலை 28, திங்கள்

சுபா தன் பேரை எடுத்துவிட்டாள்.

டீச்சரிடம் போய், எனக்கு வேணாம் டீச்சர், டான்ஸ் பிராக்டிஸ் கீது என்றாளாம். எந்த டான்ஸ்? அவள் ஆடினால் கூரையில் ஓடு நிற்காது. சிவக்குமாரையும் விட்டுடுங்க, அவன் எடுத்திருக்க மாட்டான் என்றும் சொன்னாளாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கலெக்டர் கேட்டிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் சமையல்கூடத்துக்கு வந்து, சுபாஷ்ரீக்கு வூட்ல ஏதாவது கஷ்டமா கோவிந்தம்மா, நீ அத்தைதானே என்று கேட்டார்கள். கையில் வெங்காயம் இருந்தது. நல்லதாகப் போச்சு.

ஊரையே கிண்டல் பண்றேன். அவன் நடையைப் பண்றேன், இவள் கொண்டையைப் பண்றேன். என்னைப் பார்த்து நாலு பிள்ளைங்க சிரிச்சா செத்தா பூடுவேன்? பத்து வயசுப் பொண்ணு எனக்காக வாயை மூடிக்கினு கீது. நான் அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு கீறேன்.

ஜூலை 29, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். எப்போதும் அப்படித்தான்.

மத்தியானம் எல்லாப் பிள்ளையும் தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்த பிறகு, கரண்டியைக் கீழே வைத்தேன். கையைக் கழுவினேன். முந்தானைக்குள்ளிருந்து கரடியை எடுத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன். அறுபத்தொரு பிள்ளை, ஒரு பருக்கை அசையவில்லை.

பிறகு வரிசையாகச் சொன்னேன். பதினொன்றாம் தேதி எடுத்தது, கறிவேப்பிலையோடு பையில் போட்டது, பதிமூன்றாம் தேதி பால் பொங்கியது, ஆடு, விரல் விட்டுத் தேடியது, டிரம்மு. சிவக்குமாருக்கு முன்னால் போய் நின்று, உன்மேல பழி விழ விட்டுட்டேன், தப்பு என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் பார்த்தான். "ஆடு எந்தப் பக்கத்துலேர்ந்து தின்னுச்சி?" என்று கேட்டான்.

கத்தரி சத்தத்துக்கு அப்புறம் என்றேன்.

"ஐயோ, அதுதான் நல்ல இடம்" என்றான்.

ஒருத்தன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். தாயாரம்மாள் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினோரு வருஷத்துப் பாக்கியை இன்றைக்கு ஒரே மூச்சில் சிரித்துத் தீர்த்தாள், பாவி. சிரிக்கட்டும்.

சுபா சிரிக்கவில்லை. சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் எழுந்து போய் அதன் முன்னால் நின்றான். சிவப்பு எழுத்தை ரெண்டு தடவை படித்தான். அப்போது ஒன்றாவது படிக்கிற சசிரேகா, பால்பல் விழுந்த குட்டி, "எனக்கும் இவங்க அத்தைதான்" என்றாள். அவனுக்கு வேர்த்துவிட்டது. அதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்று அவளை உட்கார வைத்தான்.

பிறகு சொன்னான்: "கல்லுல கணக்குக் காட்டாதவங்கன்னுதான் கீது. அத்தை இப்போ கணக்குக் காட்டிட்டாங்க. தேதியோட." டீச்சர் தலையாட்டினார்கள். நான் மூச்சு விட்டேன். "ஆனா பாதிக் கணக்குதான்" என்றான் கலெக்டர். "கடைசிப் பக்கம் வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கம் வந்தா சுபாஷ்ரீ ஓலையைப் போடலாம்."

ஆட்டு வயித்துல கீதேடா என்றேன். அது அவன் இலாகா இல்லையாம். ஆஸ்பத்திரியைப் பார்க்கச் சொன்னான்.

ஜூலை 30, புதன்

டாக்டர் சுபாஷ்ரீ வைத்தியம் சொல்லிவிட்டாள். புதுத் தாள் வெட்டி ஒட்டுவது. அதில் போன கதையை எழுதுவது. யார் எழுதுவது? தொலைத்தவர்தான் எழுத வேண்டும், அதுதான் ஆஸ்பத்திரி வழக்கமாம். டான்ஸ் பிராக்டிஸ் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கிள்ளினாள். அப்பாடா.

சிவக்குமார் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு தடவை படித்தவனுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் மற்ற பிள்ளைகள் விடவில்லை. முடிக்குள்ளிருந்து கடைக்காரர் தும்மிக்கொண்டு வந்தார் என்கிறான் ஒருவன். இல்லை, கரடி ஊதியது என்கிறாள் ஒருத்தி. பாதிப் பீரியட் பஞ்சாயத்து. கடைசியில் சிவக்குமார் சொன்னதே நின்றது. கடைக்காரர் பத்திரமாக வந்துவிட்டாராம். மூன்று வாரமாக அந்த மனுஷனுக்காக நான் பட்ட கவலை எனக்குத்தான் தெரியும்.

முடி போனதும் கரடி ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்ததாம். குளிரில் நடுங்கியதாம். கடைக்காரர் வெட்டின முடியை எல்லாம் திரித்து, ஒரு போர்வை பின்னிக் கொடுத்தாராம். போர்த்திக்கொண்டதும் அது மறுபடியும் கரடி.

நல்ல கதை. ஆடு ருசி அறிந்துதான் தின்றிருக்கிறது.

பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, நல்ல எழுத்தில் மூன்று வரி எழுத ஒரு மணி நேரம். "ஏன் அத்தை, எழுத்தெல்லாம் ஒன்னுமேல ஒன்னு ஏறிக்கினு கீது" என்று சசிரேகா கேட்டாள். குளிருதில்ல, அதான் நெருக்கமா படுத்துக்கினு கீது என்றேன். நம்பிவிட்டாள்.

ஜூலை 31, வியாழன்

ரெண்டாம் தாள். படம் சுபா வரைந்தாள். பசை நான் காய்ச்சினது. பாரத்துக்கு நோட்டு போதவில்லை, பருப்பு டின் வைத்தோம். நாளைக் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நான்கூட.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கலெக்டர் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து எண்ணினான். கடைசியில் வந்து நின்றான். கதை முடிந்த இடத்துக்குக் கீழே நான் யாரையும் கேட்காமல் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "இந்த இரண்டு தாளை முதலில் படித்தது கோவிந்தம்மாள் வீட்டு ஆடு." அதைப் படித்தான். முகம் கோணியது. சட்டத்தில் இதற்கு என்ன இடம் என்று யோசித்திருப்பான். கடைசியில் சிரித்துவிட்டான். கலெக்டருக்கு ஒரு பக்கப் பல் தூக்கலாக இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏரிக்கரைப் பனையிலிருந்து ஓலை நறுக்கிக் கொடுத்தேன். குடம் தாயாரம்மாள் அக்காவுடைய தண்ணீர்ப் பானை. உடைத்தால் பானை உடைத்தவரும் கூடாது என்று சார்ட்டில் எழுத வைப்பேன் என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஒன்பது ஓலை. சுபா ஓலையும், சிவக்குமார் ஓலையும் உள்ளே. சசிரேகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை விட்டாள். தோள் வரைக்கும் போய்விட்டது. நான் கும்பிடாத சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

டீச்சர் வாசித்தார்கள். சிவக்குமார்.

நான் சுபாவைப் பார்க்கப் பயந்தேன். அவள்தான் முதலில் கை தட்டினாள். அடுத்த மாசம் பானை மறுபடியும் வரும் அத்தே, ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிக்கினு கீறீங்க என்றாள். அவள் ஓலை பானைக்குள்ளே போய் வந்ததே, அதுவே போதும் போல இருந்தது. அவளுக்கா, எனக்கா? தெரியவில்லை.

தலைவர் சிவக்குமார் பதவி ஏற்றுச் செய்த முதல் வேலை: என்னைக் கூப்பிட்டு, கையைக் காட்டச் சொன்னான். கழுவித்தான் இருந்தேன். மேஜைமேல் ஒரு நீள அட்டையைத் தள்ளினான். பேர் எழுதியிருந்தது. கோவிந்தம்மாள், சமையல்கூடம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

என் அட்டை மூன்றாம் தட்டில் காவல் இருக்கிறது. புத்தகம் வூட்டில், பரண்மேல். ஆடு கொல்லையில், குட்டைக் கயிற்றில்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சார்ட்டு வெயிலில் வெளுத்துவிட்டதென்று புதிதாக எழுதினார்கள். அத்தையை எடுத்துவிடலாமா என்று டீச்சர் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும், பயம் இருந்தால்தான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பாள் என்றேன். கலெக்டர் இந்த முறை பெரிசாக எழுதினான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

திங்கட்கிழமை பானை. சுபா ஓலையில் பேர் எழுதிவிட்டாள். மை பரவாமல் எழுத ஏழு ஓலை கெடுத்தாள். நான் எடுத்திருந்த புத்தகத்துக்கு இன்னும் நாலு நாள் தவணை இருக்கிறது. இன்றைக்கே கொடுத்துவிட்டேன். சிவக்குமார் பக்கங்களை எண்ணினான். கடைசிப் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, நோட்டில் என் பேருக்கு எதிரே கோடு அடித்தான்.

மத்தியானம் சமையல்கூடத்துப் படியில் சசிரேகா உட்கார்ந்திருந்தாள், மடியில் கரடி. ஒரு விரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே சத்தமாகப் படித்தாள். அச்சு எழுத்தெல்லாம் தாண்டி என் எழுத்துக்கு வந்தாள். நான் சாம்பாரில் கரண்டியை வைத்தபடி நின்றுவிட்டேன். ஏறிப் படுத்திருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து, போர்வை வந்து, கரடி மறுபடியும் கரடியாகி, ஆடு வந்தது. பல் இல்லாத வாயால் சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சாம்பார் அடிபிடித்துவிட்டது. என்ன வாசனை என்று தாயாரம்மாள் அக்கா ஓடிவந்தாள். கைராசி அக்கா என்றேன்.